தன் முதுகு தனக்குத் தெரியாது

ஜார்ஜ் டவுனுக்கு வரும் சுற்றுப்பயணிகள் தவறாமல் நடக்கும் சாலைகளில் ஒன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். முன்பு இதன் பெயர் பிட் ஸ்ட்ரீட். சாலையின் ஒரு முனையில் 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளி சீனர்கள் வணங்கும் கருணை தேவியின் கோயில், அதற்கப்பால் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துச் சாலையான குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம். இவையெல்லாம் அடங்கிய பழைய நகரப் பகுதியை 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பள்ளிச் சுற்றுலாவில் வந்து இங்கே படம் எடுத்துக்கொண்ட மாணவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

கட்டடங்களைப் பார்த்த நாம், அங்குள்ள பெயர்ப் பலகைகளைச் சற்று நின்று படித்திருக்கிறோமா? ‘நான் யார்?’ என்று நாம் நினைப்பதற்கும், ‘இவர் யார்?’ என்று பிறர் நினைப்பதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்தப் பலகைகளே சொல்லித் தரும்.

பெயர் வைத்தவர் யார்?

அந்தப் பள்ளிவாசலின் பெயரில் உள்ள ‘கெலிங்’ என்ற சொல், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களை இந்த வட்டாரத்து மக்கள் அழைத்த பெயர். பண்டைய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து அது வந்ததாகக் கூறுவர். அருகிலேயே லெபோ சூலியா இருக்கிறது. ‘சூலியா’ என்பதும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு, வழங்கிய பெயர்தான். நாகூர் தர்கா இன்றும் அந்தச் சாலையில் நிற்கிறது.

வந்தவர்கள் தங்களை எப்படி அறிந்திருந்தார்கள்? ஒருவர் நாகூர்க்காரர், ஒருவர் நாகப்பட்டினத்தார், ஒருவர் காரைக்கால்காரர். ஒருவர் மரக்காயர், மற்றொருவர் செட்டியார், இன்னொருவர் மாலுமி. ஊர், குடும்பம், தொழில், வழிபாடு என்று அவர்களுக்குள் ஆயிரம் வேறுபாடுகள். கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடுகள் தெரியவில்லை. எல்லாரும் ஒரே திசையிலிருந்து கப்பலில் வந்தார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே பெயர். முன்பு வெறும் அடையாளமாக வழங்கிய ‘கெலிங்’ என்ற சொல், காலப்போக்கில் இகழ்ச்சியின் நிறத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அதை யாராவது நம் முகத்துக்கு நேரே சொன்னால் மனம் புண்படுகிறது.

பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், 1794-இல் இத்தீவின் மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் இங்கே தங்கியிருப்பதாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து சிறிது பணம் ஈட்டிக்கொண்டு திரும்புவதாகவும் அதில் குறித்தார். அவர்கள் எல்லாரும் கடைக்காரர்கள் அல்லது கூலிகள் என்றும் எழுதினார்.

‘எல்லாரும்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அதே சமூகத்தில் காதிர் மொகிதீன் என்ற வணிகர் இருந்தார். சமூகத்தின் தலைவராக, அதாவது ‘கப்பித்தானாக’, ஏற்கப்பட்டவர் அவர். அறிக்கை எழுதப்பட்டு ஏழே ஆண்டுகளில் தோன்றிய பள்ளிவாசலுக்குப் பெயர் தந்தவரும் அவரே. லைட் பொய் எழுதினார் என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் நின்று பார்த்த ஒரு நிர்வாகியின் கண்ணுக்குக் கடையும் மூட்டையும் தெரிந்தன. தலைமையும் கனவும் அங்கிருந்து தெரியவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களை இந்த நாட்டில் பலர் நெடுங்காலம் ‘பெங்காலி’ என்று அழைத்தார்கள். அவர்களில் பலர் கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்ததே காரணம். ஊர் பஞ்சாப், மொழி பஞ்சாபி, ஆனால் கிடைத்த பெயரோ கப்பல் ஏறிய துறைமுகம் இருந்த வங்காளத்தின் பெயர்!

இதிலிருந்து முதல் பாடத்தைக் குறித்துக்கொள்வோம். பிறர் பார்வை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் காட்சி.

கண்ணாடியும் ஒலிப்பதிவும்

‘அப்படியானால் என்னைப் பற்றி எனக்குத்தானே நன்றாகத் தெரியும்?’ என்று நீங்கள் கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்ப்போம்.

உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டதுண்டா? ‘இது என் குரலா?’ என்று முகம் சுளிக்காதவர்கள் குறைவு. நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழிகளில் நம்மை வந்தடைகிறது. ஒன்று, காற்று வழியே காதுக்கு. மற்றொன்று, மண்டை ஓட்டு எலும்பின் வழியே நேராக உட்செவிக்கு. எலும்பின் வழியே வரும் அதிர்வு நம் குரலுக்கு ஓர் ஆழத்தைக் கூட்டுகிறது. பதிவில் அந்த ஆழம் இருக்காது. உங்கள் நண்பர்கள் கேட்டுவரும் உங்கள் குரல், பதிவில் இருப்பதற்கு நெருக்கமான குரல்தான். அதைக் கேட்டு அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

முகத்துக்கும் இதே கதைதான். 1977-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவிகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்று இயல்பான படம்; மற்றொன்று கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படம். எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, மாணவிகளில் பெரும்பாலோர் கண்ணாடிப் படத்தையும், அவர்களுடைய நெருங்கிய நண்பர்களில் பெரும்பாலோர் இயல்பான படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். அவரவர் அன்றாடம் பார்த்துப் பழகிய முகமே அவரவருக்கு அழகாகத் தெரிந்தது. செல்ஃபியில் ஒரு முகமும், நண்பர் எடுத்த படத்தில் வேறொரு முகமும் தெரிவதாக நீங்கள் வருந்தியிருந்தால், குறை உங்கள் முகத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததில் பழிப்பு ஏதுமில்லை. முதுகு இருக்கும் இடம் அப்படி. அதைப் பார்க்க இன்னொருவர் கண் வேண்டும்.

இல்லாத தழும்பு

இதுவரை இரண்டு பார்வைகளைப் பார்த்தோம்: நம் பார்வை, பிறர் பார்வை. இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘பிறர் என்னை இப்படிப் பார்க்கிறார்கள்’ என்று நாமாக நினைத்துக்கொள்வது. நம்மை அதிகம் அலைக்கழிப்பது இந்த மூன்றாவதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹோர்ட்டன் கூலி 1902-இல் இதைப் பற்றி எழுதினார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதைக் கண்டு அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்றும் கற்பனை செய்கிறோம். பிறகு அந்தக் கற்பனைக்காகப் பெருமைப்படுகிறோம் அல்லது கூனிக் குறுகுகிறோம் என்றார் அவர். மூன்று படிகளில் முதல் இரண்டும் நம் மனத்துக்குள்ளேயே நடப்பவை என்பதை மறந்துவிடக் கூடாது.

1980-இல் கிளெக், ஸ்ட்ரென்ட்டா என்ற இரு ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் பெரிய தழும்பு ஒன்றை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, ‘ஒப்பனை வெடிக்காமல் இருக்கக் களிம்பு தடவுகிறோம்’ என்று சொல்லி, அவர்களுக்கே தெரியாமல் தழும்பைத் துடைத்துவிட்டார்கள். முகத்தில் எதுவும் இல்லாமலே அவர்கள் போய் இன்னொருவருடன் பேசிவிட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ‘அவர் என் தழும்பையே பார்த்தார்’, ‘இயல்பாகப் பேசவில்லை’ என்ற வகையிலேயே விடை வந்தது. இல்லாத தழும்பை எதிரில் இருந்தவர் எப்படிப் பார்த்திருப்பார்? அவர் சாதாரணமாகப் பார்வையைத் திருப்பியதைக்கூட இவர்கள் மனம் தழும்போடு சேர்த்துப் படித்துக்கொண்டது.

நம் வகுப்பறைகளில் எத்தனை இல்லாத தழும்புகள்! ‘என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்’, ‘தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் என்று ஒதுக்குகிறார்கள்’, ‘என் நிறத்தைப் பார்க்கிறார்கள்’. இவற்றில் சில உண்மையாகவே நடக்கின்றன. அதை மறுக்க வேண்டாம். ஆனால் எது நடந்தது, எதை நாம் சேர்த்துப் படித்தோம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உண்மையில் நடந்ததைத் துணிவோடு எதிர்கொள்ளவும் அந்தப் பழக்கமே உதவும்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வும் சுவையானது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-சட்டையை அணிவித்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ‘எத்தனை பேர் சட்டைப் படத்தைக் கவனித்திருப்பார்கள்?’ என்று கேட்டதற்கு, சட்டை அணிந்தவர்கள் ‘ஏறக்குறைய பாதிப் பேர்’ என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால் பங்கினர் மட்டுமே. மற்றவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அவரவர் கவலை அவரவருக்கு.

மேடையில் கை நடுங்கும் மாணவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம் உள்ளத்துப் பதற்றம் அப்படியே வெளியே தெரிகிறது என்று நாம் நம்புகிறோம். நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேச்சுக்கு முன்பே இந்த உண்மையைத் தெரிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். பேச்சுப் போட்டிக்கோ உபகாரச் சம்பள நேர்முகத் தேர்வுக்கோ போகும் முன், ‘என் நெஞ்சு படபடப்பது எனக்குத்தான் கேட்கிறது’ என்று ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

புதிய நட்புகளிலும் இதே குழப்பம் உண்டு. புதிதாகச் சந்தித்த இருவர் பேசி முடித்ததும், ‘எனக்கு அவரைப் பிடித்தது, அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது’ என்று இருவருமே நினைப்பதை 2018-இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. ஒரே விடுதியில் தங்கிய பல்கலைக்கழக மாணவர்களிடமும் இந்த எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது. மெட்ரிகுலேஷனுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ புதிதாகப் போய், முதல் வாரத்தில் அறைக்குள் அடைந்து கிடக்கும் தம்பி தங்கைகள் இதை நினைவில் வைக்கலாம்.

யார் சொல்வது சரி?

சரி, நம்மைப் பற்றி நாம் சொல்வதும் பிறர் சொல்வதும் மாறுபட்டால் எதை நம்புவது?

உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் இந்தக் கேள்விக்குத் தெளிவான ஒரு விடை தந்தார். மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே மதிப்பிட்டார்கள், நண்பர்களும் மதிப்பிட்டார்கள், பிறகு அவர்களின் உண்மையான நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பதற்றம், தன்மதிப்பு போன்ற உள்ளுணர்வுகளை அவரவரே சரியாக அறிந்திருந்தார்கள். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றில் நண்பர்களின் மதிப்பீடு உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. கலகலப்பாகப் பேசும் குணத்தை எல்லாராலும் ஏறக்குறைய ஒரே அளவில் கணிக்க முடிந்தது.

காரணம் எளிது. பயம் உள்ளே இருக்கிறது. அது நமக்குத்தான் தெரியும். திறமையோ நமக்கு மிகவும் வேண்டிய பொருள். அதைப் பார்க்கும்போது ஆசையும் அச்சமும் கண்ணை மறைக்கின்றன. சிலர் தங்களை ஏற்றி மதிப்பிடுகிறார்கள், சிலர் இறக்கி மதிப்பிடுகிறார்கள். ‘கணக்கு எனக்கு வரவே வராது’ என்று சொல்லும் மாணவியும், ‘படிக்காமலே ஏ எடுப்பேன்’ என்று சொல்லும் மாணவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே, ‘நீ சோகமாக இல்லை, நடிக்கிறாய்’ என்று ஒருவர் சொன்னால் அவரை நம்ப வேண்டியதில்லை. உங்கள் உள்ளம் உங்களுக்குத் தெரியும். ‘உனக்கு விளக்கிச் சொல்லும் திறமை இருக்கிறது’ என்று நான்கு நண்பர்கள் சொன்னால், வெட்கப்பட்டு மறுக்காமல் அதை யோசித்துப் பாருங்கள்.

நான்கு கட்டச் சாளரம்

இதை ஒரு தாளில் வரைந்து பார்க்கவும் வழி உண்டு. 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சாளரத்தை அமைத்தார்கள். தங்கள் முதல் பெயர்களைச் சேர்த்து அதற்கு ‘ஜோஹாரி சாளரம்’ என்று பெயரிட்டார்கள். அதில் நான்கு கட்டங்கள்.

முதல் கட்டம்: எனக்கும் தெரியும், பிறருக்கும் தெரியும். 
இரண்டாம் கட்டம்: எனக்குத் தெரியாது, பிறருக்குத் தெரியும். இது நம் முதுகு. 
மூன்றாம் கட்டம்: எனக்குத் தெரியும், பிறருக்குத் தெரியாது. இது நாம் மறைத்து வைத்திருப்பது. 
நான்காம் கட்டம்: எனக்கும் தெரியாது, பிறருக்கும் தெரியாது. இனிமேல்தான் வெளிப்பட வேண்டியது.

நல்ல நட்பிலும் நல்ல குழுவிலும் முதல் கட்டம் மெல்ல விரியும். நாம் கேட்டால் இரண்டாம் கட்டம் சுருங்கும். நாம் மனம் திறந்தால் மூன்றாம் கட்டம் சுருங்கும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. மூன்றாம் கட்டத்தின் கதவுக்குச் சாவி உங்கள் கையில். யாரிடம் எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது உங்கள் உரிமை.

நான்காம் கட்டத்துக்கு நம் பினாங்கிலேயே ஒரு சான்று உண்டு. 1929-இல் இங்கே பிறந்த பி. ரம்லி, 1948-இல் சிங்கப்பூரில் ‘சிந்தா’ என்ற படத்தில் அறிமுகமானார். அதில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். அதே படத்தில் கதாநாயகனுக்குப் பின்னணி பாடியவரும் அவரே. திரையில் நாயகனாக நின்ற முகம் வேறொருவருடையது. பாடிய குரல் ரம்லியுடையது. 1950-இல் இயக்குநர் எல். கிருஷ்ணன், ‘பக்தி’ என்ற படத்தில் அவரை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். குரலையும் முகத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அதன்பின் அவர் நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் என்று வளர்ந்ததை நாடே அறியும்.

கதை அதோடு முடியவில்லை. 1964-இல் அவர் கோலாலம்பூருக்கு மாறிய பிறகு எடுத்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. 1973 மே 29 அன்று, 44 வயதில் அவர் காலமானார். 1990-இல் அவருக்கு ‘டான் ஸ்ரீ’ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். வில்லனுக்குத்தான் பொருத்தம் என்றது ஒரு காலம், தலையில் தூக்கி வைத்தது ஒரு காலம், கைவிட்டது ஒரு காலம், மேதை என்றது இன்னொரு காலம். மனிதர் ஒருவரே. பிறர் பார்வையை ஒரு பருவத்தில் மட்டும் எடுத்து, அதையே நம் விலை என்று எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

முத்திரை குத்தப்பட்டால்

இனி, பேசக் கசப்பான ஒன்று. பிறர் பார்வை சில நேரம் தனி மனிதரைப் பார்ப்பதே இல்லை. கூட்டத்தைப் பார்த்து முத்திரை குத்திவிடுகிறது. ‘கடைசி வகுப்புப் பையன்’, ‘அந்தத் தாமான் பிள்ளைகளா?’, ‘இந்திய மாணவர்கள் என்றாலே சண்டை’. 1794-இல் எழுதப்பட்ட ‘எல்லாரும்’ என்ற சொல் இன்றும் நம் பள்ளித் தாழ்வாரங்களில் உலவிக்கொண்டிருக்கிறது. அதை மற்ற இனத்தவர் மட்டும் சொல்வதில்லை. நம் வீடுகளிலேயே நாம் சொல்கிறோம்.

முத்திரையின் ஆபத்து, அது சுடுவதில் மட்டும் இல்லை. நாமே அதை எடுத்து அணிந்துகொள்வதில் இருக்கிறது. ‘எப்படியும் என்னை ரௌடி என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்ற எண்ணம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வையே விழுங்கிவிடக் கூடும்.

1995-இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற அறிஞர்கள் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். ‘இது உங்கள் அறிவை அளக்கும் தேர்வு’ என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் குறைவாகச் செய்தார்கள். ‘இது வெறும் பயிற்சி’ என்று சொன்னபோது நன்றாகச் செய்தார்கள். முத்திரையை மெய்யாக்கிவிடுவோமோ என்ற அச்சமே தடையாக இருந்தது என்பது அவர்கள் விளக்கம். பின்னாளில் பெரிய அளவில் நடந்த சில ஆய்வுகளில் இந்த விளைவு மிகச் சிறிதாகவே தெரிந்தது, அல்லது தெரியவே இல்லை. அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நமக்கு இதிலும் ஓர் ஆறுதல் உண்டு: முத்திரை விதி இல்லை. அதோடு தேர்வறைக்குள் போனவர்களும் அதைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள்.

ஒருவர் உங்களைப் பற்றி ஏதாவது சொன்னால், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அவர் எதைப் பார்த்தார்? நீங்கள் செய்த ஒரு செயலையா, அல்லது உங்கள் பெயர், நிறம், வகுப்பு, குடியிருப்பு ஆகியவற்றையா? செயலைப் பார்த்துச் சொன்னால் காது கொடுங்கள். மற்றதைப் பார்த்துச் சொன்னால் அது உங்களைப் பற்றிய செய்தியே இல்லை.

இரண்டு: எங்கிருந்து பார்த்தார்? ஆறு ஆண்டுகளாகப் பழகிய தோழியா, புலனக் குழுவில் மட்டும் அறிந்தவரா? வகுப்பில் மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு, வீட்டில் நீங்கள் தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவது தெரியாது. வீட்டில் மட்டும் பார்க்கும் அம்மாவுக்கு, திடலில் நீங்கள் குழுவை நடத்துவது தெரியாது.

மூன்று: எத்தனை பேர் சொன்னார்கள்? ஒருவர் சொன்னால் அது அவர் கருத்து. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒன்றையே சொன்னால், முதுகைத் திருப்பிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கேட்கத் தெரிய வேண்டும்

பிறரிடம் கருத்துக் கேட்பதும் ஒரு கலைதான். ‘நான் எப்படி?’ என்று கேட்டால், ‘நல்ல பிள்ளை’ என்ற விடைதான் வரும். ‘நான் படைத்தபோது எந்த இடத்தில் உங்களுக்குப் புரியாமல் போனது?’ என்று கேளுங்கள். ‘குழு வேலையில் நான் செய்தவற்றில் எது உதவியது, எது இடைஞ்சலாக இருந்தது?’ என்று கேளுங்கள். விடை கைக்கு எட்டும் அளவில் கிடைக்கும்.

1996-இல் குளூகர், டெனிசி என்ற இருவர், அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துரை சொன்னால் பெரும்பாலும் செயல்திறன் கூடியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேரங்களில் அது குறைந்தது. செயலைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசும் கருத்துரை, மனத்தை வேலையிலிருந்து பிடுங்கித் தன்மானத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட காரணம். ‘உன் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் சான்று இல்லை’ என்பது கருத்துரை. ‘உனக்கு எழுத வராது’ என்பது முத்திரை. பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தப் பக்கத்தைப் படித்தால், இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த வார இறுதியில் ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். உங்களைப் பற்றி ஐந்து சொற்களைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். வீட்டில் ஒருவர், வகுப்பில் ஒருவர், புறப்பாட நடவடிக்கையில் ஒருவர் என்று வெவ்வேறு இடத்திலிருந்து உங்களைப் பார்க்கும் மூவரிடம், உங்களைப் பற்றி ஐந்து சொற்களைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் நேரில் கண்ட ஒரு செயலையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நான்கு தாள்களையும் சாளரத்தின் கட்டங்களில் நிரப்புங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசி விளக்கம் தராதீர்கள். ‘நன்றி’ என்று சொன்னால் போதும். வலித்தால் இரண்டு நாள் கழித்து மீண்டும் படியுங்கள்.

நாமும் ‘பிறர்’தான்

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் நம்மைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேசினோம். ஆனால் மற்றவர்களுக்கு நாமும் ‘பிறர்’தானே? நம் கண்கள் எப்படிப் பார்க்கின்றன?

பினாங்கின் கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்மில் பலர் எப்படி அழைக்கிறோம்? நேபாளத்திலிருந்து வந்தாலும், மியன்மாரிலிருந்து வந்தாலும், ‘அந்த பங்ளாவைக் கூப்பிடு’ என்கிறோம். வங்காளதேசத்திலிருந்தே வந்தவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. பஞ்சாபிலிருந்து வந்தவரை ‘பெங்காலி’ என்று அழைத்தவர்களும், நாகூர்க்காரரையும் காரைக்கால்காரரையும் ஒரே சொல்லில் அடக்கியவர்களும் செய்ததற்கும், நாம் இன்று செய்வதற்கும் என்ன வேறுபாடு?

அவர்களும் கப்பலிலோ விமானத்திலோ வந்து, உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் செய்ததும் அதுதான். நம்மைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று பிறரிடம் எதிர்பார்க்கும் நாம், அந்த வேலையை நம்மிடமிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை உணவகத்தில் தேநீர் கொண்டுவந்து வைக்கும் அண்ணனிடம், அவர் பெயரையும் ஊரையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.